ஆர்க்-மோடில் டியூஷன் டைம்டேபிள்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஒரே வாத்தியார், ஆறேழு பேட்ச், லேப்டாப்பில் ஏற்கெனவே எமேக்ஸ் என்ற எழுத்து எடிட்டர் இருக்கிறது என்றால் வகுப்பு அட்டவணைக்கு அதிலுள்ள ஆர்க்-மோடு என்ற குறிப்பேட்டு வசதியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 2003இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கியது, இலவசம், எல்லாமே சாதா எழுத்துக் கோப்பு. ஆனால் முன்மேசையில் மூன்று பேர் மாறி மாறி பேட்ச் திருத்துகிற சென்டருக்கு இது ஆகாது. அங்கே கூகுள் காலண்டரே போதும்.

முதலில் எல்லோரும் தொடுவது தேதிக்குப் பின்னால் '+1டபிள்யூ' (+1w) போடும் வாராந்திரக் குறியைத்தான். மின் கட்டணம் மாதிரியான வேலைக்கு அந்த முறை சரி, வகுப்புக்குச் சரிவராது. அதற்கு முடிவுத் தேதி கிடையாது. தேர்வு முடிந்து பையன்கள் போன பிறகும் அஜெண்டாவில் (ஆர்க்-மோடு காட்டும் நாள்வாரிப் பட்டியலில்) திங்கள்தோறும் வந்து நிற்கும். நடுவில் ஒரு வாரத்தை மட்டும் விடவும் வழியில்லை.

வகுப்புக்கென்றே உள்ளது 'ஆர்க்-கிளாஸ்' (org-class) என்ற கட்டளை. ஈரோட்டில் பிளஸ் டூ இயற்பியல் பேட்ச், திங்கள் மாலை 6 முதல் 7.30 வரை என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு வரியில் நட்சத்திரக் குறி, நேரம், பாடத்தின் பெயர். அடுத்த வரியில் கூர் அடைப்புக்குள் இரண்டு சதவீதக் குறி, அதையொட்டி வளைவு அடைப்புக்குள் ஆர்க்-கிளாஸ் என்ற பெயரும் எண்களும்: 2026 6 15 2027 1 29 1 32. தொடக்கம், முடிவு, கிழமை, விட வேண்டிய வாரம் என்பது வரிசை. ஞாயிறு 0, திங்கள் 1, சனி 6. ஒரு வரிக்கு ஒரு கிழமைதான். திங்கள், வியாழன் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வரி.

வருடம், மாதம், நாள் என்றுதான் எழுத வேண்டும். நம் வழக்கப்படி 15 6 2026 என்று போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, வகுப்பும் வராது. நேரத்திலும் அப்படித்தான்: 18:00-19:30 என்று முக்காற்புள்ளி வைக்க வேண்டும். 6.30 என்று ஒற்றைப்புள்ளி வைத்தால் அதை நேரமாகவே எடுத்துக்கொள்ளாது.

கடைசியில் உள்ள 32 என்பது ஐஎஸ்ஓ வார எண், அதாவது சர்வதேசத் தரப்படி வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. 2026 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, அந்த வாரத் திங்கள். பவானி கூடுதுறைக்குக் கூட்டம் போகிற நாளில் யார் டியூஷனுக்கு வருவார்கள்? ஞாயிறு பேட்ச்சுக்குத்தான் இதில் சிக்கல். ஐஎஸ்ஓ வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். நம் வீட்டு மாதக் காலண்டரோ ஞாயிறில் தொடங்கும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு, வாரம் 45. காலண்டர் கட்டத்தைப் பார்த்து 46 என்று போட்டால் தீபாவளியன்று வகுப்பு காட்டும், நவம்பர் 15 வகுப்பு காணாமல் போகும். எமேக்ஸ் காலண்டரில் தேதி மேல் நின்று பி, சி இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் சரியான வார எண்ணைச் சொல்லிவிடும்.

வார எண்ணுக்குப் பதில் முன்னால் மட்டும் ஒற்றை மேற்கோள் குறியோடு 'ஹாலிடேஸ் (விடுமுறைகள்) என்றும் போடலாம். ஆனால் எமேக்ஸோடு வரும் விடுமுறைப் பட்டியல் அமெரிக்கர்களுடையது. அப்படியே விட்டால் செப்டம்பர் 7, அக்டோபர் 12 திங்கள் வகுப்புகள் அவர்களுடைய தொழிலாளர் தினம், கொலம்பஸ் தினம் என்று காணாமல் போகும். பொங்கலன்று வகுப்பு நடக்கும். விடுமுறைப் பட்டியலை வைத்திருக்கும் 'காலண்டர்-ஹாலிடேஸ்' என்ற எமேக்ஸ் அமைப்பில் இருப்பதை மொத்தமாக எடுத்துவிட்டு நம் பட்டியலை வைக்க வேண்டும். அதில் நிலையான தேதிக்கு மாதமும் நாளும் மட்டும்தான், வருடம் கிடையாது. எனவே தீபாவளி போன்றவற்றை வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை கடைசி நேரத்தில் வந்தாலும் வார எண்ணைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை திங்கள் டைம்டேபிள் ஓடினால் ஆர்க்-கிளாஸுக்கு அது தெரியாது. அதே தலைப்பின் கீழ் அந்த ஒரு நாளுக்குச் சாதா தேதி ஒன்று எழுதினால் போதும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாகப் பாடம், வீட்டுப்பாடம், வருகை குறிக்க வேண்டுமென்றால் ஆர்க்-கிளாஸ் போதாது, இருப்பது ஒரே தலைப்புதானே. அதற்கு ஒரு தலைப்பைத் தேதி தள்ளித் தள்ளிப் பிரதி எடுக்கும் விசைகள் உண்டு: கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எக்ஸ், சி. எத்தனை பிரதி, எவ்வளவு இடைவெளி என்று கேட்கும். 11, +7டி (ஏழு நாள்) என்று கொடுத்தால் மூலத்தோடு சேர்த்து 12 வகுப்பு. மூலத்தில் வாராந்திரக் குறி இருந்தால் கடைசியில் இன்னொன்று கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், முன்னதாகவே எடுத்துவிடுங்கள். விடுமுறை வாரங்களைக் கையால் அழிக்க வேண்டும். எட்டுப் பத்து வாரக் கிராஷ் கோர்ஸுக்கு இதுதான் நல்லது. வருடம் முழுக்க ஓடும் பேட்ச்சுக்குக் கோப்பு ஊதிப்போகும்.

போனில் பார்க்க நினைப்பவர்கள் முதலில் ஒரு வரியை மட்டும் எழுதிச் சோதித்துப் பாருங்கள். சதவீதக் குறி வரிகள் எமேக்ஸ் கணக்குப் போட்டால்தான் தேதியாகும். வெறும் கோப்பை மட்டும் படிக்கிற செயலியில் அவை வராமல் போகலாம். பிரதி எடுத்த வகுப்புகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.