ஜூம், மீட், யூடியூப்: கல்லூரியின் இணையவழிப் பயிலரங்குக்கு எதை எடுப்பது?

துறையில் ஐந்து நாள் இணையவழிப் பயிலரங்கு என்று முடிவானதும் முதலில் அழைப்பிதழ் தயாராகும். அடுத்து பதிவுப் படிவம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கும். எந்தத் தளத்தில் நடத்துவது என்பது கடைசியாக, யாரிடம் எந்தக் கணக்கு கைவசம் இருக்கிறதோ அதை வைத்து முடிவாகும். அதற்குள் 700 பேர் பதிந்திருப்பார்கள். எடுத்த அறையில் 100 பேருக்கு மேல் நுழைய முடியாது என்பது தொடக்க விழா அன்று காலையில்தான் தெரியவரும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: பங்கேற்பவர் தன் கையால் எதையாவது செய்து பார்க்க வேண்டுமா, கேட்டுக் குறிப்பெடுத்தால் போதுமா? லேடெக்ஸ் மென்பொருளில் ஆய்வேடு அமைப்பது, பைதான் நிரலாக்கம், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் இவையெல்லாம் செய்து பார்க்க வேண்டியவை. காப்புரிமைச் சட்ட அறிமுகம், வேலைவாய்ப்பு வழிகாட்டல், அறக்கட்டளைச் சொற்பொழிவு கேட்க வேண்டியவை. முதல் வகைக்கு ஜூம், மீட், டீம்ஸ் போன்ற கூட்ட அறை தேவை. இரண்டாவதற்கு யூடியூப் லைவ் போதும்; பல வேளைகளில் அதுவே மேல். 700 பேரை யூடியூபில் உட்கார வைத்துவிட்டு அதற்குப் பயிலரங்கு என்று பெயர் வைப்பது பங்கேற்பாளருக்குச் செய்யும் அநீதி. சான்றிதழ் கிடைக்கும், கை பழகியிருக்காது.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்

ஜூமின் இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். நேரம் முடிந்ததும் "அதே இணைப்பில் மறுபடி வாருங்கள்" என்று சமாளிக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் சிலர் திரும்ப மாட்டார்கள், வருகைக் கணக்கும் துண்டு துண்டாகிவிடும். கட்டணம் கட்டிய புரோ கணக்கில் ஒரு கூட்டம் 30 மணி நேரம் வரை ஓடும். இடம் மட்டும் அதிலும் 100 பேருக்குத்தான். பணம் கட்டியாயிற்று, இனி எத்தனை பேர் வந்தாலும் உட்காரலாம் என்று எண்ணிவிட வேண்டாம். கல்வி நிறுவன உரிமத்தில் 300 பேர். அதற்கு மேல் வேண்டுமென்றால் 500 அல்லது 1000 பேருக்கான லார்ஜ் மீட்டிங் என்ற கூடுதல் வசதியைத் தனியே வாங்க வேண்டும்.

கூகுள் மீட்டில் தனிப்பட்ட ஜிமெயில் கணக்கு என்றால், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்ததும் 60 நிமிட வரம்பு வந்துவிடும். கல்லூரியின் பெயரில் கூகுள் இலவசமாகத் தரும் ஃபண்டமெண்டல்ஸ் கணக்கில் நேரக் கவலை இல்லை, 24 மணி நேரம் வரை ஓடும். அங்கும் 100 பேர்தான். கூட்டத்தை ஒளிப்பதிவு செய்வது, வருகை அறிக்கை, பங்கேற்பாளரைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் அறை மூன்றும் அதில் கிடையாது. கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கல்லூரிக்குக் கல்வி நிறுவனங்களுக்கான ஏ1 உரிமம் ஏற்கெனவே இருந்தால் 300 பேர் வரை இடமும் வருகை அறிக்கையும் கையில் இருக்கின்றன. சொந்தக் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கு வேறு எதையும் தேட வேண்டாம். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வரும்போதுதான் சிரமம். வாசலில் காத்திருப்பவர்களை உள்ளே விட ஒருவர் முழுநேரமும் உட்கார வேண்டியிருக்கும்.

எந்தத் தளமானாலும் அந்த 100 என்ற எண்ணில் பேச்சாளர், முதல்வர், துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர், அவருடைய இரண்டாவது மடிக்கணினி எல்லாம் அடக்கம். எனவே 100 பேர் அறைக்கு 90 இடம் என்று கணக்கு வையுங்கள். கட்டணமில்லாத நிகழ்ச்சிக்குப் பதிந்தவர்கள் எல்லோரும் வருவதில்லை என்பதால் 120 பேர் வரை பதிவை ஏற்கலாம். அதைத் தாண்டியதும் படிவத்தை மூடிவிட்டு அடுத்த அணிக்குத் தேதி கொடுப்பதே நேர்மை.

வருகைப் பதிவு: ஜூம் வெல்லும் இடம்

கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. கோப்புக்கும், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்கான ஆவணத்துக்கும் கேட்கப்படுவது பெயர்ப் பட்டியல். இங்கேதான் தளங்களின் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஜூமில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் நுழையலாம். கைபேசியில் வருபவர்களின் பெயர் பல நேரம் கைபேசி மாடலின் பெயராகவே இருக்கும். பட்டியலில் "ரெட்மி" என்று பதினைந்து பேர் இருந்தால் யார் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இதற்குத் தீர்வு கட்டணக் கணக்கில் உள்ள ரெஜிஸ்ட்ரேஷன் வசதி. கூட்டத்தை அமைக்கும்போதே அதை இயக்கிவிட்டால், பதிந்த ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு மின்னஞ்சலில் போகும். அறிக்கையில் அவர் பதிந்த பெயரும் மின்னஞ்சலும் வரும். ஒருவர் தன் இணைப்பை நண்பருக்கு அனுப்பி இருவரும் நுழைவதைத் தடுக்க, பல கருவிகளிலிருந்து சேரும் அனுமதியை அணைத்து வையுங்கள். இதைச் செய்துவிட்டுக் கூகுள் படிவத்திலும் பதிவு வாங்கினால் இரண்டு பட்டியல்கள் முரண்படும். ஒன்றே போதும்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜூம் அறிக்கையில் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், இருந்த நிமிடங்கள் கிடைக்கும். சிக்னல் விட்டு விட்டு வருபவர் ஐந்து முறை நுழைந்தால் ஐந்து வரிகள் இருக்கும். பட்டியலைப் பதிவிறக்கும் முன் "ஷோ யூனிக் யூசர்ஸ்" என்பதைத் தேர்ந்தால் ஒருவருக்கு ஒரு வரியாக நிமிடங்கள் கூட்டப்படும். இதை மறந்து இறக்கிய பட்டியலில், முழு அமர்விலும் இருந்தவரின் கணக்கு 12 நிமிடம் என்று நின்று, தகுதியுள்ளவருக்குச் சான்றிதழ் போகாமல் போகும். அறிக்கையை அன்றன்றே இறக்கித் தேதியிட்டு வைத்துவிடுங்கள்.

மீட்டில் பெயர் கூகுள் கணக்கிலிருந்து வருவதால் மாடல் பெயர்த் தொல்லை இல்லை. பதிலுக்கு வேறு ஒன்று வரும்: அப்பாவின் கைபேசியில் சேரும் மாணவி அப்பாவின் பெயரிலேயே இருப்பார், கூட்டத்துக்குள் அதை மாற்றவும் முடியாது. ஃபண்டமெண்டல்ஸ் கணக்கில் வருகை அறிக்கை இல்லாத குறையைக் குரோம் உலாவியில் சேர்க்கும் நீட்சிகளால் (கூடுதல் நிரல்களால்) தீர்க்கப் பார்ப்பார்கள். பங்கேற்பாளர்களின் பெயர்களை முன்பின் தெரியாத நீட்சியிடம் ஒப்படைப்பதைத் தவிர்க்கலாம்.

யூடியூபில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் தெரியும், யார் என்பது தெரியாது. பின்னூட்டப் படிவம்தான் ஒரே வழி. அதன் இணைப்போ வெளியான இரண்டு நிமிடத்தில் வாட்ஸ்அப்புக்குப் போய், பார்க்காதவரும் நிரப்பிவிடுவார். அமர்வில் பேசியதிலிருந்து ஐந்தாறு கேள்விகள் வைத்து, பாதி மதிப்பெண்ணாவது எடுத்தவருக்கே சான்றிதழ் என்று முன்கூட்டியே அறிவித்தால் ஓரளவு வடிகட்டலாம். கேள்விகள் பேச்சாளர் சொன்ன உதாரணத்திலிருந்து வரவேண்டும். பாடநூல் வரையறையைக் கேட்டால் தேடிப் போட்டுவிடுவார்கள்.

டேட்டா கணக்கு

யூடியூப்தான் டேட்டாவைக் குறைவாக எடுக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எல்லா வேளையிலும் அது சரி என்று சொல்ல முடியாது. யூடியூப் படம் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. ஆகும். ஜூமோ, முகம் இல்லாமல் திரைப் பகிர்வு மட்டும் என்றால் 50 முதல் 75 கிலோபிட், குரலுக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும் என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்து 150 என்றே வைத்தாலும் மணிக்கு 70 எம்.பி.க்குள் முடிந்துவிடும். காலை இரண்டு மணி, மாலை இரண்டு மணி என ஒரு நாளுக்கு 280 எம்.பி. தினமும் 1.5 ஜி.பி. திட்டத்தில் இருக்கும் மாணவருக்கு இது தாராளம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிக்னல் குறைந்தால் யூடியூப் படத்தின் தரத்தைக் குறைக்கும். 144-க்கு இறங்கிய படத்தில் நிரல் வரிகளைப் படிக்கவே முடியாது. ஜூம் திரைப் பகிர்வு மெதுவாக வந்தாலும் எழுத்தைக் கூர்மையாகவே காட்ட முயலும். ஆகவே நிரல், விரிதாள், கணிதம் என்றால் ஜூம். அப்போதும் எல்லோருடைய கேமராவும் அணைந்திருக்க வேண்டும். பேச்சாளர் தன் எழுத்தளவை 20 புள்ளிக்கு மேல் உயர்த்த வேண்டும். கைபேசியில் பார்ப்பவரை நினைத்துச் சொல்கிறேன்.

கைபேசி மட்டுமே உள்ளவர் செய்து பார்ப்பது எப்படி? பைதான் என்றால் அனகோண்டா என்ற பைதான் தொகுப்பை நிறுவச் சொல்வதை விட்டுவிட்டு, இணையத்திலேயே நிரலை இயக்கும் கூகுள் கோலாபைப் பயன்படுத்துங்கள்; உலாவி போதும். மென்பொருளை நிறுவித்தான் ஆகவேண்டும் என்றால் மூன்று நாள் முன்பே இணைப்பும் படங்களும் அனுப்பி, முந்தைய மாலை அரை மணி நேரம் நிறுவல் சந்தேகத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். முதல் அமர்வில் நிறுவத் தொடங்கினால் அன்றைய காலை அதிலேயே கரையும். உள்ளூர் மாணவர்களைக் கணினி ஆய்வகத்தில் உட்கார வைத்துப் புரொஜெக்டரில் ஜூமைக் காட்டுவது நல்ல ஏற்பாடு. அங்கே ஒரே ஒரு கணினியின் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இயங்க வேண்டும். இரண்டாவது ஒன்று திறந்தாலே எதிரொலி கிளம்பும்.

பிரேக்அவுட் அறைகளை ஆளுக்கு ஏற்றபடி பிரித்துவிடுங்கள். ஓர் அறைக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், இரண்டு மூன்று அறைகளுக்கு ஓர் உதவியாளர். முதுகலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் இதற்கு மிகப் பொருத்தம். உதவியாளர் கிடைக்கவில்லை என்றால் அறை பிரிக்காதீர்கள். ஆளில்லாத அறையில் எட்டுப் பேரும் மியூட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

யூடியூப் லைவ் என்றால்

புதிய சேனலில் நேரலை வசதியை முதன்முதலில் இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே கைபேசி எண்ணைச் சரிபார்த்து அதை முடித்துவிடுங்கள். கைபேசியிலிருந்தே ஒளிபரப்ப 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினிக்கு அந்த நிபந்தனை இல்லை.

ஒளிபரப்ப இரண்டு வழிகள். இலவச மென்பொருளான ஓ.பி.எஸ். ஒன்று: 720 தரம், 2500 முதல் 4000 கிலோபிட், கீஃப்ரேம் (முழுப் படச்சட்டம்) இடைவெளி 2 நொடி, ஒலிக்கு 128 கிலோபிட். பதிவேற்ற வேகம் அதைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். இந்த வழியில் உங்கள் கணினி நின்றால் ஒளிபரப்பும் நிற்கும். மற்றது, கட்டண ஜூம் கூட்டத்திலிருந்து நேரே யூடியூபுக்கு அனுப்புவது. அந்த ஓட்டம் ஜூமின் சர்வரிலிருந்து போவதால், ஒருங்கிணைப்பாளர் வீட்டில் மின்சாரம் போனாலும் கோ-ஹோஸ்ட் (இணை நடத்துநர்) ஒருவர் உள்ளே இருந்தால் நிகழ்ச்சி தொடரும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் நிறுத்தும் நாளைப் பேச்சாளர் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

தொடக்க வாழ்த்துப் பாடலை ஒலிநாடாவிலிருந்து போட்டால் யூடியூபில் பதிப்புரிமைக் கோரிக்கை வரக்கூடும். ஜூமில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கில் பிடித்தால் இரைச்சல் தடுப்பு பாட்டை இரைச்சலாக எண்ணி வெட்டிவிடும். மாணவர் ஒருவர் பாடுவதே அழகு. இல்லையென்றால் திரைப் பகிர்வில் "ஷேர் சவுண்ட்" தேர்ந்து ஓடவிடுங்கள்.

நேரலை பார்ப்பவருக்குச் சில நொடிகள் தாமதமாகவே போய்ச் சேரும். இடையில் நிறுத்திப் பார்ப்பவர் இன்னும் பின்னால் இருப்பார். "படிவம் ஐந்து நிமிடத்தில் மூடப்படும்" என்றால் அவர்களுக்கு இரண்டு நிமிடம்தான் மிஞ்சும். 20 நிமிடம் திறந்து வையுங்கள். கேள்விகளை யூடியூப் சாட்டிலிருந்து எடுத்துப் பேச்சாளருக்கு வாசிக்க ஒருவர் தனியாக வேண்டும்.

இரண்டையும் கலப்பது

தேசிய அளவிலான நிகழ்ச்சி, தொடக்க விழாவுக்குப் பெரிய விருந்தினர், 500 பேர் ஆர்வம் காட்டுகிறார்கள் என்றால் தொடக்க உரையை யூடியூபில் எல்லோருக்கும் காட்டுங்கள். பயிற்சி அமர்வுகளை 90 பேருக்கு மட்டும் ஜூமில் நடத்துங்கள். அந்த 90 பேரை முதலில் பதிந்தவர் என்ற வரிசையில் எடுக்காமல், படிவத்தில் "இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்" என்று ஒரு கேள்வி வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. சான்றிதழும் இரண்டு வகையாக இருக்கட்டும்: உரை கேட்டவருக்குப் பங்கேற்பு, பயிற்சி முடித்தவருக்கு நிறைவு. பட்ஜெட் இல்லாத துறைக்கு என் பரிந்துரை, கல்லூரியின் ஃபண்டமெண்டல்ஸ் மீட்டில் 60 பேருடன் நடத்துவது. வருகைக்கு ஒவ்வோர் அமர்விலும் செய்த பயிற்சிக் கோப்பைச் சமர்ப்பிக்கச் சொல்வது. செய்த வேலையைவிட நம்பகமான வருகைப் பதிவு எந்தத் தளத்திலும் இல்லை.

சான்றிதழ் அனுப்பும் கட்டம்

கூகுள் படிவம், விரிதாள், ஸ்லைட்ஸ் வார்ப்புரு, விரிதாளிலுள்ள பெயர்களை வார்ப்புருவில் நிரப்பி அனுப்பும் ஆட்டோகிராட் நீட்சி என்ற கூட்டணி எல்லாத் தளத்துக்கும் பொருந்தும். சிக்கல் மின்னஞ்சல் வரம்பில் இருக்கிறது. ஆட்டோகிராட் இயங்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாகத் தனிப்பட்ட ஜிமெயிலிலிருந்து நாளொன்றுக்கு 100 பேருக்குத்தான் போகும். கல்லூரியின் ஒர்க்ஸ்பேஸ் கணக்கில் 1500 பேருக்கு. 600 பேருக்கான சான்றிதழைத் தனிக் கணக்கிலிருந்து அனுப்பினால் ஆறு நாள் ஆகும், அதுவரை "எனக்கு வரவில்லை" என்ற அழைப்புகள் ஓயாது.

படிவத்தில் மின்னஞ்சலைத் தட்டச்சு செய்ய விடாமல் "வெரிஃபைட்" என்ற அமைப்பில் வாங்கினால் எழுத்துப்பிழை முகவரிகள் ஒழியும். பெயருக்கு "சான்றிதழில் அச்சாக வேண்டியபடி, தலைப்பெழுத்துடன்" என்று குறிப்பு வையுங்கள். ஆங்கிலப் பெயர்கள் சிறிய எழுத்தில் வந்தால் விரிதாளில் பிராப்பர் என்ற சார்பு ஒரே இழுப்பில் திருத்தும், முன்பின் இடைவெளியை டிரிம் நீக்கும். தமிழ்த்துறை நிகழ்ச்சி என்றால் வார்ப்புருவில் யூனிகோடு எழுத்துருவே இருக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் வடிவமைத்த வார்ப்புருவில், கைபேசியில் தட்டச்சான யூனிகோடு பெயர் அந்த எழுத்துருவில் வராது. மெய்யும் கொம்பும் இடம் மாறாமல் வருகின்றனவா என்று பார்க்க, "ஸ்ரீ", "கௌ", "ஜெ" வரும் பெயர்களாகப் பொறுக்கிப் பத்து பேருக்கு மட்டும் முதலில் உருவாக்கிப் பி.டி.எஃப். கோப்பைக் கைபேசியில் திறந்து பாருங்கள்.