அதிகாலையா, இரவா, படிப்பு மேசையா? மாணவர்களின் தனி ஜெபம்

தனி ஜெபம் என்றதும் மாணவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "விடியற்காலையில் எழுந்திரு." மாற்கு 1:35-இல் இயேசுவே இருட்டோடு எழுந்து தனியிடம் போய் ஜெபித்தார் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்த வேளையின் அமைதி உண்மையிலேயே தனிதான். வாட்ஸ்அப் குழுக்கள்கூடத் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் காலை ஜெபம் நடக்குமா நடக்காதா என்பது முந்தைய இரவே முடிவாகிவிடுகிறது. ரெக்கார்டு எழுதி முடித்து ஒரு மணிக்குப் படுத்தவர் ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றால், தூக்கம்தான் வரும். கெத்செமனேயில் சீஷர்களுக்கே ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லையே! சீக்கிரம் படுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

இரவு வேறு வகையில் நல்லது. இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் இக்னேஷியஸ் லயோலா (1491–1556) பழக்கப்படுத்திய ஆன்மச் சோதனை இதற்குப் பொருத்தம்: எதற்கு நன்றி, எங்கே சறுக்கினேன் என்று அன்றைய நாளைத் தேவனோடு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. பத்து நிமிடம் போதும். வேதம் வாசிக்க மட்டும் அந்த நேரம் ஒத்துவராது. கண் வரியிலும் மனம் தலையணையிலும் இருக்கும்.

"நடக்கும்போதும் பஸ்ஸிலும் பேசிக்கொள்கிறேன், தனி நேரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ராஜாவுக்குப் பதில் சொல்வதற்கு முன் நெகேமியா செய்ததும் அப்படியொரு குட்டி ஜெபம்தான் (நெகேமியா 2:4). ஆனால் அதே புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் அவர் நாட்கணக்கில் உபவாசித்து மன்றாடியிருக்கிறார். பாரிஸ் மடத்தின் சமையலறையில் வேலை செய்தபடியே தேவ சமுகத்தை உணர்ந்த சகோதரர் லாரன்ஸும் மடத்தின் ஜெப வேளைகளுக்குள் வாழ்ந்தவர். அந்த அடித்தளம் இல்லாத என் பஸ் ஜெபங்கள், பரீட்சை நெருங்க நெருங்க வெறும் விண்ணப்பப் படிவமாகிவிட்டன.

வாரம் ஒரு ஐக்கியக் கூட்டம் போதாதா என்றால், போதாது. கூட்டத்தில் பாடலாம், தனியாகச் சொல்ல வேண்டியதை அங்கே சொல்ல முடியாது.

என் ஓட்டு படிப்பு மேசைக்கு. பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன் 15 நிமிடம். எந்த மாணவரும் எப்படியும் தினமும் உட்காரும் இடம் அது. புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்க வேண்டியதில்லை, இருப்பதன் முன்னால் ஒன்றைச் சேர்த்தால் போதும். ஒரே வருடத்தில் முழு வேதத்தையும் முடிக்கும் அட்டவணையை மட்டும் தொடாதீர்கள். 1,189 அதிகாரங்களுக்குத் தினமும் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். இன்டர்னல் தேர்வு வந்ததும் வேதத்திலும் அரியர் விழும், அந்தக் குற்ற உணர்விலேயே மொத்தமாக விட்டுவிடுவோம். அதற்குப் பதில் மாற்கு சுவிசேஷம், மொத்தமே 16 அதிகாரங்கள்தான். தினம் ஒன்று.

செமஸ்டர் தேர்வு வாரத்தில் அதுவும் முடியாதா? 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள்தான்.