"எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது" என்ற போட்டோ பேப்பரை நம்பி வாங்காதீர்கள்

வீட்டில் இங்க்ஜெட் (திரவ மையைத் தெளித்து அச்சிடும்) பிரிண்டரில் போட்டோ பிரிண்ட் எடுப்பவர்கள் பேப்பர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆன்லைனில் ஏ4 க்ளாஸி பேப்பர் ஒரு பாக்கெட் வாங்கினேன். அட்டையில் பெரிய எழுத்தில் "எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது". வாங்குமுன் விற்பவர்களிடம் கேட்டதற்கும், "இங்க்ஜெட்டுக்குத் தாராளமாகப் போடலாம்" என்றுதான் பதில் வந்தது.

முதல் தாளிலேயே மை உள்ளே இறங்கவில்லை. கறுப்பு முடி இருந்த இடத்தில் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. மறுநாள் விரல் பட்டதும் நெற்றிவரை இழுபட்டது. படம் பிடித்து விற்றவர்களுக்கு அனுப்பினால், "உங்க ஹெட்டில் அடைப்பு சார், ஹெட் கிளீனிங் கொடுங்க" என்றார்கள். (ஹெட் என்பது மையைத் தாளில் தெளிக்கும் பாகம்.) அது சரிவராததும் "டீப் கிளீனிங் கொடுங்க" என்றார்கள். பேப்பரோடு மையும் போனது. கிளீனிங் செய்யும்போது உறிஞ்சப்படும் மை முழுக்கப் பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சில் போய்ச் சேர்கிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் பல பிரிண்டர்கள் வேலை செய்யாமல் நின்றுவிடும்.

பாக்கெட்டின் பின்புறம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அடியில் "கலர் லேசர்" என்று அச்சாகியிருந்தது. தெரிந்தே மறைத்திருக்கிறார்கள். கேட்டால், பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்!

லேசரில் டோனர் பொடி சூட்டில் உருகித் தாளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அதனால் அந்தத் தாளுக்கு மை உறிஞ்சும் பூச்சு தேவையில்லை. இங்க்ஜெட் மைக்கு அந்தப் பூச்சுதான் உயிர். அது இல்லாத தாளில் ஹெட்டை எத்தனை முறை கழுவினாலும் படம் நிற்காது.

ஆகவே யார் கிளீனிங் கொடுக்கச் சொன்னாலும், முதலில் சாதாரணத் தாளில் நாசில் செக் (ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைக் கோடுகள்) எடுங்கள். அதற்குச் செலவாகும் மை மிகக் குறைவு. கோடுகள் விடுபடாமல் வந்தால் ஹெட்டில் குறையில்லை, கிளீனிங் வேண்டாம். புதுத் தாளின் மூலையில் ஈர விரலை வைத்துப் பாருங்கள். இங்க்ஜெட் பூச்சு உள்ள பக்கம் பெரும்பாலும் லேசாக ஒட்டும். எனக்கு வந்த தாள் கண்ணாடி போல வழுக்கியது.

செட்டிங்ஸில் பேப்பர் வகையையும் பாருங்கள். சில பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது தாளின் மேலேயே தங்கும் நுண்துகள் மை. பிளெயின் பேப்பர் என்று விட்டுவிட்டால் அந்தக் கறுப்புதான் இறங்கும், நல்ல க்ளாஸி தாளிலும் அது தேய்ந்து வரும். பார்டர்லெஸ்ஸில், அதாவது ஓரம் விடாமல் அச்சிடும் முறையில், படம் தாளின் விளிம்பைத் தாண்டியும் அச்சாகும், வெளியே விழும் மை வீண். மெல்லிய வெள்ளை ஓரம் விடுங்கள். ஒரு ஏ4 தாளில் 4x6 அங்குலப் படம் மூன்று வைக்கலாம்: இரண்டை நெடுக்காகப் பக்கத்தில் பக்கமாக, மூன்றாவதைக் கீழே படுக்கையாக.

ஏமாந்து வாங்கிய லேசர் தாள் கையில் இருந்தால், கலர் லேசர் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இங்க்ஜெட் க்ளாஸி தாளை அவர்களிடம் தள்ளிவிடாதீர்கள். பூச்சு உருகி, சூடேறும் உருளையில் ஒட்டி அதைக் கெடுத்துவிடும்.