சால்னா கொட்டிய கார்பெட்: சில வருஷப் பழக்கத்தில்

மதுரையில் கார்பெட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. வெயிலும் புழுதியும் உள்ள ஊர், மொசைக் தரையே போதும். பிள்ளை தவழ்கிற வயதில் ஹாலுக்கென்று பெரிய பாலிப்ராப்பிலீன் (ஒருவகைப் பிளாஸ்டிக் இழை) கார்பெட் ஒன்று வாங்கினோம். கொழுந்தனார் ராணுவத்தில் இருந்தபோது ஸ்ரீநகரிலிருந்து கொண்டுவந்த கம்பளி விரிப்பு இன்னொன்று. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து சனம் வந்து இறங்குகிற வீடு எங்களுடையது. அதனால் இந்த இரண்டின் மேலும் கொட்டாத பதார்த்தம் அநேகமாக இல்லை.

கறை என்று இணையத்தில் தேடினால் எடுத்த எடுப்பில் சமையல் சோடாவும் வினிகரும் வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம். ஒன்றை ஒன்று முறித்துவிட்டுக் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த யோசனையெல்லாம் ஒயின் கொட்டுகிற வீடுகளுக்கானது. நம் வீட்டில் கொட்டுவது சாம்பார், சால்னா, கறிக்குழம்பு. எல்லாவற்றிலும் மஞ்சள்தூள் உண்டு. மஞ்சளோடு காரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும். சமையல் சோடா, சோப்புத்தூள், பார் சோப்பு எல்லாம் அந்த வேலையைத்தான் செய்யும். சிவந்துபோனால் பதற வேண்டாம். நீர்த்த வினிகரோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோ ஒற்றினால் திரும்ப மஞ்சளாகிவிடும். மஞ்சள் போகாது, சிவப்பு மட்டும் போகும்.

சால்னா கொட்டியதும் எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற வரிசை இது. முதலில் கரண்டியால் வழித்து எடுப்பது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து அழுத்தி ஒற்றுவது. காசு கொடுத்து வாங்கிய மைக்ரோபைபர் துணிகளைவிட வெளுத்து நைந்த வேட்டி நன்றாக உறிஞ்சுகிறது, சாயமும் விடாது. தேய்க்கவே கூடாது. தேய்த்தால் எண்ணெய் இழைக்குள் இறங்கும், இழையின் முறுக்கும் பிரிந்து அந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி தனியாகத் தெரியும்; கறை போனாலும் அந்தத் தழும்பு போகாது.

இந்தக் கட்டத்தில் தண்ணீர் வேண்டாம். எண்ணெய் மிச்சம் இருக்கிறதே, அதன்மேல் சோள மாவைத் தூவி இருபது நிமிஷம் விட்டு, வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுவோம். மாவை மிச்சம் வைத்தால் எறும்பு வரும், அது வேறு வேலை. பிறகுதான் பாத்திரம் கழுவுகிற லிக்விட். ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் தாராளம். அதைத் துணியில் நனைத்து ஒற்றி, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்ப ஒற்றி எடுக்க வேண்டும். சோப்பு கூடக் கூடப் பளிச்சென்று ஆகும் என்பது எங்கள் அத்தையின் கட்சி, அப்படி நினைப்பவர்கள் அவரோடு சேர்ந்துகொள்ளலாம். மிஞ்சிய சோப்பு பிசுபிசுவென்று நின்று, நடக்கிற காலிலிருந்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து அதே இடம் கறுப்பாகத் தெரிவது சால்னாவால் அல்ல, அந்தச் சோப்பால்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும், சோப்பும் சரியாகக் கரையாது. கறைக்கு மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். அதிகம் போனால் ஒரு சொம்பு செலவாகும்.

எண்ணெய் போன பிறகும் மஞ்சள் நிற்கும். மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் எண்ணெயை முதலில் எடுப்பது. மிச்சத்துக்கு நம் ஊர் வெயிலை மிஞ்சிய மருந்து நான் பார்க்கவில்லை. குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். சோப்பு சுத்தமாகப் போன பிறகு, கார்பெட்டை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கறைப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டால், பங்குனி சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் வெளுத்துவிடுகிறது. அதற்காக நாள் கணக்கில் போட்டு வைக்கக் கூடாது, பாலிப்ராப்பிலீன் இழை நீண்ட வெயிலில் நொறுங்கும் தன்மை கொண்டது. மாடிக்குத் தூக்க முடியாதவர்கள் மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பார்க்கலாம். லேபிளில் 6% என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து 3% ஆக்கி, சோபாவுக்கு அடியில் மறைகிற மூலையில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் மாறுகிறதா என்று பார்த்த பிறகே கறைக்கு. வெளிர் நிறச் செயற்கை இழைக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வினிகரோடு கலக்காதீர்கள், கலந்த மிச்சத்தை இறுக்கமூடி வைக்காதீர்கள்.

பால் சேர்ந்தவற்றுக்கு வெந்நீர் ஆகாது. ஜிகர்தண்டா, பாயசம், முட்டை, கறிச்சாறு எல்லாம் புரதம்; சூடு பட்டால் இழையோடு உறைந்து பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான். ஜிகர்தண்டாவில் இருக்கிற பாதாம் பிசின் ஒரு தனி ரகம், ஈரத்தில் துடைக்கத் துடைக்க நழுவிப் பரவும். வழிக்க முடிந்ததை வழித்துவிட்டு மிச்சத்தைக் காயவிட்டால் செதில் செதிலாக நகத்தால் பேர்த்து எடுத்துவிடலாம். சர்க்கரை தங்கினால் எறும்பு காட்டிக்கொடுக்கும். காபிக்கு முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு அந்த லிக்விட், கடைசியில் ஒரு பங்கு வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர். பாலிப்ராப்பிலீனில் சுலபமாகப் போய்விடும்.

கம்பளியில் கதையே வேறு. ரோஸ்மில்க், கேசரி போன்றவற்றில் சேர்க்கும் செயற்கைச் சாயங்கள் கம்பளியையும் நைலானையும் நிஜமாகவே சாயமேற்றிவிடும். பாலிப்ராப்பிலீனில் அப்படி ஒட்ட இடம் இல்லை. தங்கை மகன் சிந்திய ரோஸ்மில்க்கின் இளஞ்சிவப்பு வட்டம் அந்தக் காஷ்மீர் விரிப்பில் இன்னும் இருக்கிறது, மேலே டீப்பாய் போட்டிருக்கிறோம். கறை நீக்கப் புரதத்தைத் தின்னும் என்சைம் கலந்த டிடர்ஜென்ட்டும் கம்பளிக்கு ஆகாது. கம்பளியே புரதம், கறையோடு சேர்த்து அதையும் தின்னும். ஈஸி மாதிரி கம்பளிக்கென்று விற்கும் திரவம், பச்சைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல், அவ்வளவே என் கையிருப்பு. விரிப்பு எந்த இழை என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தண்ணீர்ப் பாத்திரத்தில் நன்றாக அமுக்கி விடுங்கள். திரும்ப மேலே மிதந்து வந்தால் அநேகமாகப் பாலிப்ராப்பிலீன், நைலான் மூழ்கும். கம்பளி நூலைத் தனியே எடுத்துக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாடை வரும்.

வெளுக்கிற பிளீச் பக்கம் போகவே வேண்டாம். கம்பளியைக் கரைத்துவிடும், மற்றதில் சாயத்தைத் தின்றுவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோ வினிகரோ அதோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் சாத்திய ஏசி அறையில் மூச்சுக்கே ஆபத்து.

துடைத்த அன்று சுத்தமாக இருந்து, இரண்டு நாளில் கறை எட்டிப் பார்ப்பது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அடியில் தங்கிய ஈரம் காயும்போது கறையையும் மேலே இழுத்து வருகிறது. கடைசியாக ஒற்றியதும் அதே வேட்டித் துணியை மடித்து வைத்து, மேலே ஒரு பாலிதீன் தாள், அதன்மேல் அம்மிக் குழவி. ராத்திரி முழுக்க இருந்தால் வர வேண்டியது துணிக்கு வந்துவிடும். ஒருமுறை வீட்டுக்கே வந்து கழுவித் தருகிற ஆட்களை வரவழைத்தோம். மிஷினால் தண்ணீரைக் கொட்டித் தீர்த்தார்கள். ஐப்பசி மழை நேரம் வேறு, காய வழியில்லை. ஹாலெல்லாம் ஈரநாய் வாடை. கூப்பிடுவதாக இருந்தால் மாசிக்குப் பிறகு கூப்பிடுங்கள், எத்தனை மணி நேரத்தில் காயும் என்று கேட்டுவிட்டு.

புதிதாக வாங்குபவர்களுக்கு: சாப்பாடு வருகிற இடத்துக்குக் குட்டை இழைப் பாலிப்ராப்பிலீன், அதிலும் பூவேலை நெருக்கமாக உள்ள பழுப்பு, காவி நிறங்கள். அடிப்பக்கம் சணலாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதிகம் நனைந்தால் பழுப்பு ஊறி மேலே வரும். மதுரை மாசி வீதிகளில் கேட்டால் கார்பெட் சுருளை விரித்துக் காட்டுவார்கள், புரட்டிப் பார்த்தே வாங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்க முடிகிற அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். பரோட்டாப் பொட்டலம் பிரிக்கிற நாளில் நாங்கள் கார்பெட்டைச் சுருட்டிவிட்டு ஜமுக்காளம் விரித்துவிடுகிறோம்.