மேலே போகும் கணக்கா, வகுப்பறைக் கணக்கா?

சிறப்புக் கல்வியில், அதாவது கற்றலில் சிரமமோ குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கான கல்வியில், கணக்கு இரண்டு வகை: மேலே அதிகாரிகளுக்குப் போவது ஒன்று, ஆசிரியர் வகுப்பறையில் வைத்துக்கொள்வது இன்னொன்று. முதல் வகை என்றாலே எனக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம்தான் ஞாபகம் வரும். 2004-ல் அந்த மாநிலக் கல்வித் துறை, பள்ளி மாவட்டங்களைக் கண்காணிக்கும் பட்டியலில் 8.5 என்ற எண்ணைச் சேர்த்தது. சிறப்புக் கல்வி பெறுகிற மாணவர்கள் மொத்தத்தில் 8.5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் நல்ல மதிப்பீடு, அவ்வளவுதான். அப்போது அங்கே ஏறக்குறைய 12 சதவீதம் இருந்தார்கள், நாட்டின் சராசரி 13-ஐ ஒட்டி. பன்னிரண்டு வருஷத்தில் அந்த விகிதம் சொல்லிவைத்தாற்போல 8.5 பக்கத்தில் வந்து நின்றது. குழந்தைகளுக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு திடீரென்று குணமாகிவிட்டதா என்ன? பதிவேட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் அமெரிக்க மத்திய கல்வித் துறையும் இது சட்டமீறல் என்று சொல்லிவிட்டது.

இதற்கு நேர் எதிர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோ 1970-களில் உருவாக்கிய முறை. குழந்தை ஒரு பத்தியை ஒரு நிமிஷம் வாசிக்கும், சரியாகச் சொன்ன வார்த்தைகளை ஆசிரியர் எண்ணி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. தொடர்ந்து நாலு புள்ளி இலக்குக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும். இங்கே மாற வேண்டியது ஆசிரியரின் பாடம், குழந்தை அல்ல! அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது.

அதற்காக மேலே போகும் கணக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் சம்மதம் தந்த 60 நாளுக்குள் குழந்தையை மதிப்பிட்டு முடிக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியை (சில மாநிலங்கள் தனிக் கெடு வைத்திருக்கின்றன) யாரும் கண்காணிக்காவிட்டால் கோப்பு மேஜையிலேயே தூங்கும், அந்தக் குழந்தை வகுப்பறை வரைபடத்துக்கு வந்தே சேராது. ஆனால் 60 நாளில் முடித்தார்களா என்பதைத்தான் அது சொல்லும், குழந்தை படிக்கிறதா என்பதைச் சொல்லாது. இந்த ஓட்டையை உணர்ந்துதான் 2014-ல் மத்திய அரசு, மாநிலங்களை மதிப்பிடும்போது தேர்வு மதிப்பெண் போன்ற விளைவுகளையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது. நல்லதுதான், ஆனால் வருஷாந்தரத் தேர்வு முடிவு கைக்கு வரும்போது அந்த வருஷமே போயிருக்கும்.

வகுப்பறைக் கணக்கிலும் குறை உண்டு. எண்ணுகிறவரும் ஆசிரியர், மதிப்பிடப்படுகிறவரும் கிட்டத்தட்ட அவரே. பேசாத குழந்தைக்கு வாசிப்பு நிமிஷம் உதவாது, அங்கே வேண்டியதைத் தானாக எத்தனை முறை கேட்டு வாங்கியது, அழுகை எவ்வளவு நேரம் நீடித்தது என்று வேறு மாதிரி குறிக்க வேண்டும்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் வரைபடத்தையே எடுப்பேன். ஒரு குழந்தைக்கென்றே வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தைப் பேசும் கூட்டத்தில் '80 சதவீதத் துல்லியம், நல்ல முன்னேற்றம்' என்று யாராவது சொன்னால் சரி சரி என்று தலையாட்டாமல் தாளைக் கையில் வாங்கி, கடைசிப் புள்ளி எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.