நடுப்பகலில் பூட்டியிருக்கும் பூங்காவும் ஒரு மதிப்பெண் தாளும்

எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள சிறிய பூங்காவைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு குடியிருப்போர் நலச் சங்கத்தில் எழும்போதெல்லாம், முதல் கூட்டத்திலேயே பட்டியல் தயாராகிவிடும். நீரூற்று வேண்டும், பேவர் பிளாக் பதிக்க வேண்டும், எட்டு வடிவ நடைபாதை வேண்டும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். இந்த முறை பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, நியூயார்க்கில் இயங்கும் ‘புராஜெக்ட் ஃபார் பப்ளிக் ஸ்பேசஸ்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு வகுத்த ‘பிளேஸ் கேம்’ என்னும் மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்திப் பார்த்தோம். ஊர்ப் பூங்காவை மீட்டெடுக்க நினைக்கும் மற்ற சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று எங்கள் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்த முறையின் வேர் வில்லியம் எச். வைட் என்பவரின் ஆய்வில் இருக்கிறது. 1970களில் அவர் நியூயார்க்கின் சதுக்கங்களிலும் சிறு பூங்காக்களிலும் கேமராவை வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், எந்த இடத்தைத் தவிர்த்து நடக்கிறார்கள் என்று பொறுமையாகப் பதிவு செய்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், எந்தத் தேவையும் இல்லாதபோதுகூட மக்கள் அதைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள் என்பதும், பெண்களின் விகிதம் குறைந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதும் அவர் கண்டு சொன்னவை. அவருடன் பணியாற்றிய ஃபிரெட் கென்ட் 1975இல் தொடங்கிய அமைப்புதான் இது. போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன இடமாகிவிட்டிருந்த நியூயார்க் பிரையன்ட் பார்க்கை வைட்டும் இந்த அமைப்பும் ஆராய்ந்தபோது, தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடியாதபடி உயர்ந்து நின்ற வேலிச் செடிகளும் போதாத வாயில்களுமே நல்லவர்களை வெளியே நிறுத்துகின்றன என்று கண்டார்கள். 1988இல் மூடப்பட்ட அந்தப் பூங்கா, செடிகள் அகற்றப்பட்டு, வாயில்கள் கூட்டப்பட்டு, நகர்த்தக்கூடிய நாற்காலிகளுடன் 1992இல் மீண்டும் திறந்தது. இன்று மதிய நேரத்தில் அங்கே நாற்காலி கிடைப்பதே அரிது.

செயல்முறை மிக எளியது. நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து இடத்துக்கே சென்று, போக்குவரத்து வசதி, சௌகரியமும் தோற்றமும், பயன்பாடுகள், மனிதர்கள் பழகும் தன்மை என்ற நான்கு தலைப்புகளில் ஒவ்வொரு கூறுக்கும் மதிப்பெண் இட வேண்டும். அதன் பிறகு வரும் கேள்விகளில்தான் உண்மையான சாரம் இருக்கிறது: இந்த இடத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, அதிகச் செலவில்லாமல் உடனே செய்யக்கூடியது என்ன, நீண்ட காலத்தில் மாற வேண்டியது என்ன, இங்கே இருக்கும் ஒருவரிடம் கேட்டபோது அவர் என்ன சொன்னார், உதவக்கூடிய உள்ளூர்க்காரர்கள் யார். தாளைத் தமிழாக்கியபோது பழகும் தன்மை என்பதற்கு நேரான கலைச்சொல் தேடி நேரம் வீணானது. கடைசியில் ‘முன்பின் தெரியாதவரிடம் இங்கே பேச்சுக் கொடுக்கத் தோன்றுகிறதா’ என்று எழுதினோம். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

காலை ஆறரை மணிக்குத் தாளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள்; அவர்கள் பூங்காவுக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுத்தார்கள். மாலையில் குழந்தைகளுடன் வந்த தாய்மார்கள் கொடுத்ததோ அதில் பாதிகூட இல்லை. காரணம் புரிவதற்கு நாற்காலிகள் உதவின. வைட் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று, சாமியானா கடையிலிருந்து பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து, வாசலருகே அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். ஏழு மணிக்குள் அவற்றில் எட்டு நாற்காலிகள் சறுக்குமரத்தைப் பார்த்தபடி அரைவட்டமாக நகர்ந்திருந்தன. அங்கே ஏற்கெனவே மூன்று சிமென்ட் பெஞ்சுகள் இருக்கின்றன. ஆனால் அவை மூன்றும் விளையாட்டுத் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையைப் பார்த்தபடி பதிக்கப்பட்டவை. குழந்தையை ஊஞ்சலில் விட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டே அந்தப் பெஞ்சில் ஒரு தாய் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்? பத்து ஆண்டுகளாக அந்தப் பெஞ்சுகளைக் கடந்து நடக்கும் எனக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது.

ஆனால் இந்த முறை எங்களுக்குக் காட்டிய மிகப் பெரிய உண்மை, தாளில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காதது. மதியக் குழு போனபோது பூங்கா பூட்டியிருந்தது; எங்கள் ஊர்ப் பூங்காக்கள் பலவும் காலை பத்து மணிக்கு மூடி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். ‘இங்கே இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்’ என்ற கேள்வியை விட்டுவிட மனமில்லாமல் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தபோது, கிழக்குப் பக்க நடைமேடையில் தூய்மைப் பணியாளர்களான மூன்று பெண்கள் டிபன் கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் சுவரைத் தாண்டி விழும் இடம் அது. “ஒரு மணிக்கு மேலதாம்மா நிழல் இந்தப் பக்கம் வரும், அதுவரைக்கும் அந்தக் கடை ஓரமா ஒதுங்கியிருப்போம்” என்றார் அவர்களில் மூத்தவர். சித்திரை வெயிலில் மரநிழலும் குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் உள்ள ஒரே பொது இடம், அவை மிகத் தேவைப்படும் ஆறு மணி நேரமும் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை நாங்கள் ஒருவரும் அதுவரை ஒரு குறையாகக்கூட எண்ணவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆகவே இதைப் பயன்படுத்த விரும்புவோருக்கு என் முதல் ஆலோசனை, தாளின் தலைப்பில் நேரம் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, ஒரே இடத்தைக் குறைந்தது மூன்று வேளைகளில் மதிப்பிடுங்கள் என்பதுதான். மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணவே வேண்டாம். காலையின் நிறைவும் மாலையின் குறையும் சராசரியில் ஒன்றையொன்று மறைத்துவிடும். வராதவர்கள் தாளில் இருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கள் மூன்று வேளைக் கணக்கிலும் பதின்வயதுப் பெண் ஒருவரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அருகிலுள்ள பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று கேட்டால்தான் அதற்கான காரணம் தெரியும். அதை நாங்கள் இன்னும் செய்யவில்லை.

இந்த முறை தொடாத இன்னொரு பகுதி பராமரிப்பு. பிரையன்ட் பார்க் மீண்டதற்கு வடிவமைப்பு மட்டும் காரணமல்ல. அதை நடத்தும் தனி நிறுவனம், சுற்றியுள்ள சொத்துகளின் உரிமையாளர்கள் செலுத்தும் கட்டணத்தையும் கடை வாடகை போன்ற வருவாயையும் கொண்டு, நாள்தோறும் குப்பையை அகற்றிப் புல்லைக் கவனித்து வருகிறது. வானுயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த இடத்துக்குப் பொருந்தும் அந்த ஏற்பாடு ஒரு வார்டுப் பூங்காவுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும், பணம் கொடுப்பவர்களே பூங்காவின் போக்கைத் தீர்மானிக்கும் நிலையை நான் விரும்ப மாட்டேன். தமிழ்நாட்டில் நமக்கு நாமே திட்டத்தின் கீழ் பணிக்கான செலவு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் பூங்காப் பணிகளை மேற்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் பணி முடிந்த பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தெருவும் தனியே விடை தேட வேண்டியிருக்கிறது. உள்ளூரில் உதவக்கூடியவர்கள் யார் என்ற கேள்வியை எங்கள் குழு கடைசியில் அவசரமாக நிரப்பியது தவறு. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இதை எந்தச் சங்கத்துக்கும் முழு மனத்தோடு பரிந்துரைப்பேன். எங்களுக்கு ஆன செலவு நகலெடுத்த கூலியும் நாற்காலி வாடகையும் மட்டுமே. நீரூற்று எங்கள் பட்டியலிலிருந்து, யாரும் வாதாடாமலேயே, உதிர்ந்துவிட்டது. இரண்டு பெஞ்சுகளைப் பெயர்த்துத் திடலைப் பார்த்தபடி திருப்பிப் பதித்துவிட்டோம். மூன்றாவதன் அடியில் குடிநீர்க் குழாய் செல்வதால் அது அப்படியே இருக்கிறது. நடுப்பகலில் திறந்துவைக்கக் கேட்டு அளித்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதில் கையெழுத்திட்ட முதல் மூவர், கிழக்குச் சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்கள்.