தைராய்டு மாத்திரை டப்பா: கர்ப்பிணிக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே சறுக்கும்

மெடிக்கல் ஷாப்பில் தைராய்டு மாத்திரை என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் இவற்றில் ஒன்றுதான். மூன்றிலும் மருந்து ஒன்றே: லீவோதைராக்சின். நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சுரக்கும் அதே ஹார்மோன்; அது குறைவாகச் சுரப்பவர்களுக்குத் தருவது. கர்ப்பமானதும் "குழந்தைக்கு ஆகாது" என்று இதை நிறுத்திவிடும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் நிறுத்துவதுதான் ஆகாது. கருவிலிருக்கும் குழந்தையின் தைராய்டு ஏறக்குறைய 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும். 18, 20 வாரம் வரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோனில் பெரும்பங்கு தாயின் ரத்தத்திலிருந்துதான் போகிறது.

மருந்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலை கட்டுக்குள் இருக்கிறது, 12.5 மைக்ரோகிராமிலிருந்து 150 வரை பல அளவுகள் கிடைக்கின்றன. எந்த பிராண்டு என்பதைவிட, தொடங்கிய பிராண்டிலேயே தொடர்வது முக்கியம். நுண்ணிய அளவில் வேலை செய்யும் மருந்து இது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்கலாம்தான். ஆனால் கர்ப்ப காலத்தில் பிராண்டு மாறினால் நாலு முதல் ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் இன்னொரு ஹார்மோன்) அளவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

குறை இருப்பது டப்பாவில். 120 மாத்திரை டப்பா என்றால் நாலு மாத மருந்து. வருடக்கணக்கில் ஒரே அளவு சாப்பிடுபவருக்கு அது வசதி. கர்ப்பத்தின் முதல் பாதியில் நாலு வாரத்துக்கு ஒருமுறை அளவு மாறக்கூடும். வீட்டில் 50 ஒரு டப்பா, 75 ஒரு டப்பா, 25 ஒரு டப்பா என்று பாதி பாதியாக நிற்கும். அரைத் தூக்கத்தில் தவறான டப்பாவைத் திறப்பது இப்படித்தான் நடக்கிறது. அதனால் 20 வாரம் வரை ஸ்ட்ரிப்பாகக் கிடைப்பதை வாங்குவதே மேல். டப்பாதான் கிடைக்கிறது என்றால் மூடிமேல் அளவைப் பெரிதாக எழுதி, பழைய அளவை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியக் கூடாது. வெயில், வெளிச்சம், ஈரம் மூன்றும் இந்த மாத்திரைக்கு எதிரி. சமையலறை மேடை, குளியலறை அலமாரி, ஜன்னலோரம், டிவிக்கு மேலே எதுவும் வேண்டாம். படுக்கையறை பீரோவே சரியான இடம்.

சீட்டில் சில மருத்துவர்கள் 0.05 என்று மில்லிகிராமில் எழுதுவார்கள். அது 50 மைக்ரோகிராம், 0.1 என்றால் 100. கடையில் டப்பாவை வாங்கிய கையோடு இதைச் சரிபாருங்கள்.

சாப்பிடும் முறையில்தான் பெரும்பாலோருக்கு மருந்து வீணாகிறது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இதைப் பலர் செய்துவிடுகிறார்கள். தவறுவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு. இரண்டும் குடலில் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. மூன்றையும் காலையில் ஒரே வாயில் போட்டுக்கொள்பவருக்கு அளவைக் கூட்டினாலும் டி.எஸ்.எச். சரியாக இறங்காது. இடைவெளி நாலு மணி நேரம். நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 7 மணிக்குக் காபி, மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், மாலை 4 மணிக்கு இரும்புச்சத்து, இரவுச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம். இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் கால்சியம் தடுக்கும் என்பதால்தான் அவை இரண்டுக்கும் நடுவிலும் இடைவெளி. மாலை டீயை இரும்பு மாத்திரையோடு சேர்க்க வேண்டாம். மசக்கையில் காலை மாத்திரை தங்கவில்லை என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். அப்போது இரவுக் கால்சியத்தை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் அதே சிக்கல் திரும்பிவிடும்.

டப்பாமேல் எழுதியிருக்காத இன்னொன்று: ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடும் பெண்ணுக்குக் கர்ப்பத்தில் தேவை 25 முதல் 50 சதவீதம் கூடும். அதுவும் 4, 6 வாரத்திலேயே கூடத் தொடங்கிவிடும். முதல் ஸ்கேனுக்குப் போகும்வரை காத்திருந்தால் தாமதம். அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்லும் எளிய வழி: நாள் தள்ளி, சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்த உடனே வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது. அதாவது வாரத்தில் இரண்டு நாள் இரண்டிரண்டு. குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதை மருத்துவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதன்பின் டி.எஸ்.எச். பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 30 வாரத்தையொட்டி ஒருமுறையாவது. மருந்து சாப்பிடுபவருக்கு 2.5க்குக் கீழே வைப்பதே இலக்கு.

ரிப்போர்ட்டில் லேப் அச்சடிக்கும் 'நார்மல்' எல்லை பொதுவானவர்களுக்கு உரியது. நம் நாட்டின் 2014 வழிகாட்டுதல் முதல் மூன்று மாதத்துக்கு 2.5, பிறகு 3 என்று மேல் எல்லை வைத்தது. 2017 அமெரிக்க வழிகாட்டுதல் அதை 4 வரை தளர்த்தியது. இந்த இடைப்பட்ட அளவில் இருக்கும் பெண்ணுக்கு மாத்திரை தேவையா என்பது உண்மையிலேயே விவாதத்துக்குரியது. லேசான குறைபாட்டுக்குக் கர்ப்பத்தில் மருந்து கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் குழந்தையின் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 3.2 என்று பார்த்துவிட்டு அழ வேண்டாம். ஆனால் 10ஐத் தாண்டியவருக்கு இந்தச் சலுகை கிடையாது: கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, ரத்த அழுத்தம் எல்லாம் அங்கே உண்மையான ஆபத்துகள். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

அம்மா ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதால் குழந்தைக்குப் பரிசோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது. பிறவித் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் குழந்தையின் சுரப்பி சரியாக உருவாகாததால் வருவது; பிறந்தவுடன் பார்த்தால் அனேகமாக எந்த அறிகுறியும் இருக்காது. குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தச் சொட்டை 48 மணி நேரம் கழித்து, 72க்குள் எடுப்பது நல்லது. பிறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். எகிறும் என்பதால் முதல் நாள் ரத்தம் வீண் பயத்தைக் கிளப்பும். சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்குத் தொப்புள்கொடி ரத்தம் மாற்று வழி. தாய்க்கு முன்பு கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) இருந்து, அறுவை செய்தோ கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்தோ இப்போது தைராக்சினில் இருந்தால், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சுரப்பி போனாலும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் தங்கி, நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் தைராய்டைத் தூண்டிவிடலாம்.

குழந்தைக்குக் குறைபாடு உறுதியானால் மருந்து இதே மாத்திரைதான். இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அளவு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மூன்று கிலோ குழந்தைக்கு 37.5 என்று எழுதினால், 25 மாத்திரையில் ஒன்றரை. அன்றன்றைக்கு இரண்டு ஸ்பூனுக்கு நடுவே நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துப் பாலாடையில் கொடுத்து, ஒட்டியிருப்பதையும் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். கரைத்து எடுத்து வைக்கக் கூடாது. பால் பாட்டிலில் கலந்தால் குழந்தை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். சோயா பால் பவுடர், இரும்பு, கால்சியம் சொட்டு மருந்து எதையும் இதோடு சேர்க்க வேண்டாம்.

பிரசவம் முடிந்ததும் தாய் கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்குத் திரும்பலாம். ஆறாவது வாரம் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பாலூட்டும்போது மாத்திரையைத் தொடரலாம், தடையில்லை.